இரண்டாவது இருக்கை

அவளுக்குத் தூரம் சொல்வது என் வேலை.
"இன்னும் நாலு விரற்கடை. மூணு. நில்லு.
உன் இடது முழங்கைக்குப் பின்னால குழாய்."

அவளுக்குப் பின்னால் குழாய் ஏதும் இல்லை.
பிஸ்கட் டப்பா இருக்கிறது,
ஹீட்டர்மேல் காயப்போட்ட மழைக்கோட்டு இருக்கிறது.
முழங்கை இருப்பது நானூறு அடி தள்ளி,
ஆளுயரக் கனத்தில் கான்கிரீட்டுக்கு அப்பால்.
அங்கே ஒரு மனிதன்
ஷூ லேஸ் கட்டக் குனிந்தால்
நிமிர்ந்தபின் அவனுக்கு அதிக நாட்கள் இல்லை.

எல்ஸ்பெத் சுவான்சன்.
கெய்த்னஸ் மேட்டில் அறுபது செம்மறிகள்,
கடன் பாதி அடைந்த டிராக்டர்.
ஏப்ரல் முழுக்கப் பாதித் தூக்கத்தில் வருவாள்,
விரல்களில் அயோடின் வாடையோடு.
"ராத்திரி ஒண்ணு தலை மடங்கிக் கிடந்தது" என்பாள்
ஜாய்ஸ்டிக்கைத் துடைத்தபடி.
"முழங்கைவரை உள்ளே விட்டேன்.
கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. விரல்தான் பார்க்கணும்."

இங்கே தலைகீழ்.
ஆறு கேமராக்கள்; விரல் மட்டும் குருடு.
இரும்புப் பிடி எதைத் தொட்டாலும்,
கண்ணாடியோ களிமண்ணோ,
அவள் உள்ளங்கைக்கு வந்து சேர்வது ஒரே அதிர்வு,
பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை நகர்த்துவதுபோல.
அதுவும் ஓர் இமைப்பொழுது பிந்தி.

பார்ட்டன் என்று கூப்பிடுவோம் அதை.
எங்கள் கரைப் பேச்சில் நண்டு.
நண்டுக்கு இருப்பதைவிட இரண்டு கால் குறைவு,
பொறுமை அதிகம்.

கிடங்கின் அடியில்
ஐம்பது வருடத்துக்கு முந்தைய அவசரம் குவிந்திருக்கிறது:
கையுறைகள், குறடுகள், ஒரு முழு ஏணி,
எதுவும் எழுதாத தகர டப்பாக்கள்.
பதிவேட்டில் அந்த ஆண்டுக்கு
ஒரே ஒரு சொல்: பலவகை.

செவ்வாய்க்கிழமை, ஏணிப்படிகளுக்கு நடுவே
மாட்டிக்கொண்டது ஒரு டப்பா.
"இழு" என்றார் பட்ஜ், பின்னால் நின்று.
அவள் இழுக்கவில்லை.
என்னிடம், "கொஞ்ச நேரம் பேசாதே" என்றாள்.
கண்ணை மூடினாள். ஆறு திரைகள் எதிரே
கண்ணை மூடினாள்!
பிறகு, பட்ஜ் பதறப் பதற,
டப்பாவை உள்ளே தள்ளினாள்,
வந்த வழியே, இருட்டுக்குள், ஒரு சாண்.
திருப்பினாள். காத்திருந்தாள்.
எதற்கென்று எனக்குத் தெரியவில்லை;
இரும்பு முக்காது, மூச்சு விடாது.
அப்புறம் சும்மா வந்தது,
வழுக்கிக்கொண்டு,
எங்கள் வெளிச்சத்துக்குள் தலை நீட்டி.

திரையில் பனி கொட்டத் தொடங்கியது.
வெளியே மழைதான், அதுவும் கிடைவாட்டில்.
இந்தப் பனி
கேமராவைத் துளைத்துப் போகும் கதிர்.
வெள்ளைப் புள்ளிகள், இன்னும், இன்னும்.
டப்பாவை ஈயப் பெட்டியில் வைத்து
மூடியைத் திருகும்வரை தாங்கியது பார்ட்டன்.
அப்புறம் தோள் அசையவில்லை.
அப்புறம் மற்றதும்.

கேபிளை வெளியிலிருந்தே வெட்டினார்கள்.
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
மீட்கப்பட்டது. பழுதுபார்க்கப்பட்டது. கைவிடப்பட்டது.
அவள் கையெழுத்தை மட்டும் போட்டாள்.
டிக் அடிக்கும் பேனாவை என்னிடம் தள்ளினாள்.
நான் அடித்தேன்.
அன்று அவள் கை
அணைந்த ஜாய்ஸ்டிக்மேல் கொஞ்ச நேரம் இருந்தது,
பிந்தி வரும் ஏதோ ஒன்றுக்காக.

ஒன்பது வாரம் கழித்துப் புதியது வந்தது.
மஞ்சள் பெயிண்ட், பெயர் இல்லை, எண் மட்டும்.
எல்ஸ்பெத் கோட்டைக் கழற்றினாள்,
ஹெட்போனை மாட்டினாள்.
"கடைசி ஆட்டுக்கு இரட்டை. ஒண்ணுதான் நிக்குது" என்றாள்.
வேறெதுவும் பேசவில்லை.

நான் என் திரையைப் பார்த்தேன்.
என் வேலையைச் செய்தேன்.

"மெதுவா. ரெண்டு முழம்.
ஒன்றரை.
உன் வலது தோளுக்குப் பக்கத்துல
பார்ட்டன்."

அவள் இடிக்காமல் சுற்றிப் போனாள்.